கைப்பேசி வாங்கும் முன் பார்க்க வேண்டிய குறைகள்: பினாங்குக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் பெரியம்மா ஒரு வெள்ளிக்கிழமை மாலை போன் செய்தார். பேத்தியின் சடங்கு விருந்துக்குச் சமையல்காரருக்கு முன்பணம் அனுப்ப வேண்டும், வங்கிச் செயலி திறக்கவே மாட்டேன் என்கிறது. போய்ப் பார்த்தேன். திரையில் ஒரு கீறல் இல்லை. பேட்டரி இரவுவரை தாங்குகிறது. படம் தெளிவாக விழுகிறது. ஆனால் செயலியைத் தொட்டால், இந்தச் சாதனத்தின் இயங்குதளம் பழையது, இனி இதில் இயங்காது என்று மலாயில் ஒரு வரி வருகிறது. அவ்வளவுதான்.

"போன்தான் நல்லா இருக்கேப்பா, அப்புறம் ஏன் வேலை செய்யல?" என்று கேட்டார். வாங்கி இரண்டரை ஆண்டுதான் ஆகியிருந்தது.

வாங்கிய அன்று கடையில் அவருக்குப் பக்கத்தில் நின்றவன் நான்தான். திரை பெரியதாக இருக்கிறதா, கேமரா எத்தனை மெகாபிக்சல், விலை எவ்வளவு குறைக்கிறார்கள் என்று மூன்றையும் அக்கறையாகப் பார்த்தோம். அந்த மாடல் வெளிவந்தே மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதைப் பார்க்கவில்லை. நிறைகளைப் பெட்டியின் மேலேயே அச்சடித்துத் தருகிறார்கள். குறைகளை நாம்தான் தேடிப் போக வேண்டும். அதன் பிறகு உறவிலும் அக்கம்பக்கத்திலும் பலருக்குக் கைப்பேசி வாங்கக் கூடப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எந்த வரிசையில் பார்க்கிறேனோ அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். கொம்தார், பிராங்கின் மால் பக்கம் போகிறவர்களுக்கும், கோலாலம்பூரில் லோ யாட் பிளாசாவுக்குப் போகிறவர்களுக்கும், வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

முதல் படி: வீட்டிலேயே ஒரு தாளில் எழுதுங்கள்

கடைக்குப் போன பிறகு யோசித்தால் விற்பவர் யோசிப்பதைத்தான் நாமும் யோசிப்போம். அதனால் கிளம்பும் முன்பே மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் போனை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறீர்கள்? எந்தெந்தச் செயலிகள் ஒரு நாள்கூட நிற்கக் கூடாது? மொத்தம் எவ்வளவு செலவழிக்க முடியும்?

மூன்றாவதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஆயிரம் ரிங்கிட் இருந்தால் ஆயிரத்துக்கே போன் வாங்கிவிடுகிறார்கள். உறை, திரைக்கு ஒட்டும் கண்ணாடி, பெட்டியில் இல்லாத சார்ஜர், இரண்டு மூன்று ஆண்டில் மாற்ற வேண்டிய பேட்டரி எல்லாம் அப்புறம் வரிசையாக வந்து நிற்கும். என் கணக்கில் ஆயிரம் வைத்திருப்பவர் போனுக்கு 850 ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது.

வயதானவருக்கு வாங்குவதாக இருந்தால் எடையையும் எழுதிக்கொள்ளுங்கள். இப்போது வரும் போன்கள் பல 6.7 அங்குலத் திரையும் உறையோடு 200 கிராமுக்கு மேல் எடையும் கொண்டவை. மூட்டுவலி இருக்கும் கையால் ஒரு மணி நேரம் பிடித்துப் பேச முடியாது. எழுத்தின் அளவைப் பெரிதாக்கினால் தமிழ்ச் சொற்கள் பொத்தானுக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்படுவதையும் கடையிலேயே சோதித்துவிடலாம். என் பெரியம்மாவுக்கு இது மெகாபிக்சலைவிட முக்கியமான விஷயம்.

இரண்டாம் படி: இது என்ன செட் என்று கேளுங்கள்

விலை கேட்பதற்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேளுங்கள். ஒரே மாடல் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் நூற்றுக்கணக்கான ரிங்கிட் வித்தியாசத்தில் விற்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

நம் நாட்டுக் கடைப்பேச்சில் ஒரிஜினல் செட் என்றால், தயாரிப்பாளர் மலேசியச் சந்தைக்கென்றே அனுப்பியது, உத்தரவாதத்தையும் தயாரிப்பாளரின் சேவை மையமே கொடுக்கும். ஏபி செட் என்றால் வேறு நாட்டுச் சந்தைக்கான பெட்டியை இறக்குமதியாளர் கொண்டுவந்து விற்பது. அதே போன்தான், போலி கிடையாது. ஆனால் உத்தரவாதம் கடைக்காரர் கொடுப்பது. கடை மூடினால் உத்தரவாதமும் மூடும்.

"ஆன்டி, இது ஏபி செட், அதனாலதான் மலிவு, ஒரு வருஷம் கடை வாரண்டி" என்று நேர்மையாகச் சொல்லும் கடைகள் உண்டு. அவர்களிடம் தெரிந்தே வாங்குவதில் தவறில்லை. கேட்டால் மழுப்புகிற கடையில்தான் கவனம் வேண்டும்.

ஏபி செட்டில் வரக்கூடிய குறைகள் செட் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தவை. அமெரிக்காவுக்கான ஐபோன்களில் ஐபோன் 14 முதல் சிம் அட்டை போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். சீனப் பெருநிலத்துக்கான ஐபோன்கள் பல இதற்கு நேர்மாறு: இரண்டு சிம் அட்டை போடலாம், இ-சிம் இருக்காது. ஜப்பானிலிருந்து வரும் போன்கள் சிலவற்றில் படம் எடுக்கும் சத்தத்தை அணைக்க முடியாது. கோயிலில் பூசை நேரத்தில் அது எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பாருங்கள். சீனச் சந்தைக்கான ஆண்ட்ராய்டு போன்களில் கூகள் சேவைகள் முறையாக அமைந்திருக்காது, அறிவிப்புகள் தாமதமாக வரும். இதில் சேராத ஒரு தனிக்கதை ஹுவாவெய்: 2019 மே மாதத்து அமெரிக்கத் தடைக்குப் பிறகு வந்த அதன் புதிய மாடல்களில், அதிகாரபூர்வ மலேசிய செட்டாக இருந்தாலும், கூகள் சேவைகள் இல்லை. கேமரா அருமையாக இருக்கும். உங்கள் வங்கியின் செயலி அதன் செயலிக் கடையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அந்த அருமையை ரசியுங்கள்.

சார்ஜரையும் பாருங்கள். நம் சுவரில் இருப்பது செவ்வகக் கால் மூன்று கொண்ட செருகி. பெட்டிக்குள் தட்டையான இரண்டு கால் செருகி இருந்தால் அது வேறு நாட்டுக்குப் போக வேண்டிய பெட்டி. அதற்கு ஒரு மலிவான மாற்றியைச் செருகி இரவெல்லாம் சார்ஜில் போடுவதை நான் விரும்பமாட்டேன்.

எல்லாவற்றிலும் முக்கியமானது அழைப்பு. மலேசியாவில் 3ஜி சேவை 2021 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிவுக்கு வந்தது. இப்போது 4ஜியிலேயே குரல் அழைப்பு போக வேண்டும் என்றால் அந்தப் போனில் வோல்ட்டி வசதி, உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்தோடு ஒத்துப்போகும் வகையில், இயங்க வேண்டும். வெளிநாட்டுச் செட் சிலவற்றில் அது இயங்காது. அப்போது யாராவது அழைத்தால் போன் 2ஜிக்கு இறங்கிவிடும், பேசி முடியும்வரை இணையம் நின்றுவிடும். இ-ஹெயிலிங் ஓட்டும் ஒருவருக்கு வாடிக்கையாளர் அழைக்கிற அந்த நிமிடத்தில் வரைபடம் நின்றால் என்ன ஆகும்? விற்பனைத் தாளில் இதை எங்கேயும் எழுதியிருக்க மாட்டார்கள். சோதிக்கும் வழியைக் கீழே சொல்கிறேன்.

மலேசியாவில் விற்கும் கைப்பேசிக்குச் சிரிம் சான்று வேண்டும். பெட்டியிலோ போனிலோ அந்த லேபிள் இருக்கும், சில போன்களில் அமைப்புகளுக்குள் மின்னணு வடிவில் இருக்கும். அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

மூன்றாம் படி: போனின் ஆயுளைக் கணக்கிடுங்கள்

பெரியம்மாவின் வங்கிச் செயலி நின்றது இந்தப் படியில்தான். போனுக்கு இரண்டு ஆயுள் உண்டு. ஒன்று உடம்பின் ஆயுள்: திரை, பேட்டரி, பொத்தான். இன்னொன்று மென்பொருள் ஆயுள்: தயாரிப்பாளர் எத்தனை ஆண்டுகள் இயங்குதள மேம்பாடும் பாதுகாப்புத் திருத்தமும் அனுப்புவார் என்பது. மலிவான போன்களில் இரண்டாவதுதான் பெரும்பாலும் முதலில் முடிகிறது.

நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் இது மாறும். 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8க்குக் கூகளும், 2024 ஜனவரியில் வந்த கேலக்சி எஸ்24க்குச் சாம்சுங்கும் ஏழு ஆண்டுகள் என்று அறிவித்தன. மலிவு வரிசையிலேயே கேலக்சி ஏ16க்கு ஆறு ஆண்டுகள் சொல்லியிருக்கிறார்கள். ஆப்பிள் இப்படி முன்கூட்டிப் பெரிதாக விளம்பரம் செய்வதில்லை, ஆனால் 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர் 2024இல் வந்த ஐஓஎஸ் 18வரை பெற்றது, அடுத்த ஆண்டின் ஐஓஎஸ் 26 அதற்கு வரவில்லை. மறுபக்கம், இரண்டு மூன்று ஆண்டோடு கைகழுவப்படும் மலிவு மாடல்களும் கடை அடுக்கில் பக்கத்திலேயே இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

இங்கே ஒரு கணக்கு போட வேண்டும். ஆண்டுகளை நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணக் கூடாது, அந்த மாடல் முதலில் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். நான்கு ஆண்டுகள் திருத்தம் வரும் என்ற மாடல் 2023 மார்ச்சில் வெளிவந்தது என்று வைத்துக்கொள்வோம். 2026 மார்ச்சில் தள்ளுபடியில் வாங்கினால் உங்கள் கைக்கு மிஞ்சுவது ஓர் ஆண்டு. தீபாவளித் தள்ளுபடியிலும் 11.11 விற்பனையிலும் பாதி விலைக்குத் தள்ளப்படும் மாடல்களில் இப்படிப்பட்டவை நிறைய. தள்ளுபடி விலையை மிச்சமிருக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். 600 ரிங்கிட்டுக்கு ஓர் ஆண்டு, 900 ரிங்கிட்டுக்கு ஐந்து ஆண்டு என்றால் எது மலிவு?

நம் நாட்டில் இது ஏன் அதிகம் வலிக்கிறது என்றால், பணம் முழுக்கப் போனுக்குள் வந்துவிட்டது. 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவெண்ணைக் கைவிட்டு வலுவான வேறு முறைக்கு மாறும்படியும், ஒரு வாடிக்கையாளரின் ஒப்புதலுக்கு ஒரே ஒரு சாதனத்தை மட்டும் ஏற்கும்படியும், புதிய சாதனத்தைப் பதியும்போது சற்று நேரம் காக்கவைக்கும்படியும் வங்கிகளிடம் சொன்னது. மோசடியைத் தடுக்க நல்ல ஏற்பாடு, நான் ஆதரிக்கிறேன். ஆனால் அதன் விளைவாக, உங்கள் ஒரே போன் வங்கிச் செயலியை ஏற்காத நாளில் பக்கத்து வீட்டுத் தம்பியின் போனில் நுழைந்து பணம் அனுப்பிவிட முடியாது. பெரியம்மா அன்று என் பணத்தில்தான் சமையல்காரருக்கு முன்பணம் அனுப்பினார், மூன்று நாள் கழித்துத் திருப்பித் தந்தார்.

கடையில் கையில் இருக்கும் போனில் அமைப்புகளுக்குள் போய், 'போனைப் பற்றி' என்ற பகுதியில் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியைப் பாருங்கள். ஓர் ஆண்டுக்கு முந்தைய தேதி இருந்து, புதுப்பிக்கச் சொன்னாலும் ஒன்றும் வரவில்லை என்றால் அதை மெதுவாகக் கீழே வைத்துவிடுங்கள்.

நான்காம் படி: வெயிலும் பேட்டரியும்

5,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது முதல் நாள் கொள்ளளவு. லித்தியம் பேட்டரி ஒவ்வொரு முழுச் சுற்றிலும் கொஞ்சம் தேய்கிறது. ஐபோன் 14வரை 500 முழுச் சுற்றுக்குப் பிறகும், ஐபோன் 15 முதல் 1,000 சுற்றுக்குப் பிறகும் 80 விழுக்காட்டுக் கொள்ளளவு இருக்கும்படி வடிவமைத்ததாக ஆப்பிள் சொல்கிறது. சுற்று என்பது ஒயரைச் செருகும் ஒவ்வொரு தடவையும் கிடையாது. இன்று பாதி, நாளை பாதி செலவானால்தான் ஒரு சுற்று.

ஆனால் பேட்டரியைச் சுற்றைவிட வேகமாகத் தின்பது சூடு. ஐபோனை 35 பாகை செல்சியசுக்குள் பயன்படுத்தச் சொல்கிறார்கள். பினாங்கில் நண்பகல் நிழலிலேயே 31, 32 வந்துவிடுகிறது. மூடிய காருக்குள் கேட்கவே வேண்டாம். பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் வெயிலில் போனை நிறுத்தி, வரைபடத்தையும் ஓடவிட்டு, சார்ஜரையும் செருகியிருந்தால் பேட்டரிக்கு மூன்று பக்கமும் அடி. திரை தானாகவே மங்கிப்போவதைப் பார்த்திருப்பீர்கள், சூடு தாங்காமல் போன் செய்துகொள்ளும் தற்காப்பு அது. ஓட்டுநர் வேலையில் இருப்பவர்கள் போனைக் குளிர்சாதனக் காற்று வரும் துளைக்கு முன் மாட்டுங்கள். 80 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்தும் வசதி உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

67 வாட், 120 வாட் என்ற வேகச் சார்ஜ் எண்கள் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சொந்தச் சார்ஜருக்கும் ஒயருக்கும் மட்டுமே பொருந்தும். அலுவலகத்தில் நண்பரின் சார்ஜரில் போட்டால் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும்.

ஐந்தாம் படி: தண்ணீர் புகாது என்ற சொல்லை நம்பாதீர்கள்

தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் லெபோ பினாங்கு கோயில் வீட்டிலிருந்து கிளம்பித் தண்ணீர்மலை போகும் வழியெல்லாம் தேங்காய் உடைப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மூட்டை மூட்டையாக உடைக்கிறார்கள், தார்ச்சாலையில் தேங்காய்த் தண்ணீர் ஓடுகிறது, சில்லு தெறிக்கிறது. எல்லார் கையிலும் போன், எல்லாரும் காணொளி. என் அத்தை மகன் அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் நின்று படம் பிடித்தான். போனின் அடிப்பக்கம் முழுக்க நனைந்தது. "ஐபி68 மச்சான், ஒண்ணும் ஆகாது" என்று சட்டையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டான். அன்றிரவு சார்ஜ் ஏறியது. இரண்டு நாள் கழித்து ஒயரைச் செருகும்போதெல்லாம் ஈரம் இருக்கிறது என்ற எச்சரிக்கை. ஒரு வாரத்தில் துளைக்குள் பச்சை படிந்த மாதிரி அரிப்பு. சேவை மையத்தில் திரவத்தால் வந்த சேதம், உத்தரவாதத்தில் சேராது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்.

ஐபி68 என்பது தூசியையும் தண்ணீரையும் தாங்கும் திறனுக்கான தரக்குறி. அதன் சோதனை நல்ல தண்ணீரில், புதுப் போனில், ஆய்வுக்கூடத்தில் நடப்பது. தேங்காய்த் தண்ணீரில் உப்புச்சத்தும் சர்க்கரையும் இருக்கின்றன. காய்ந்த பிறகும் பிசின் போல உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். பத்து பெரிங்கி கடல் நீர், நீச்சல்குளத்துக் குளோரின், தே தாரிக் எல்லாம் இதே வகைதான். போன் ஒருமுறை கீழே விழுந்தாலோ, வெளிக்கடையில் பிரித்து மூடினாலோ, காலப்போக்கிலோ உள்ளே இருக்கும் அடைப்பும் தளர்ந்துவிடும். எனவே ஐபி68 இருப்பது நல்லதுதான், அதற்காக நூறு இருநூறு ரிங்கிட் கூடக் கொடுப்பதும் சரிதான். மழையில் மாட்டினால் காப்பாற்றும். வேண்டுமென்றே நனைக்க அனுமதி தராது.

நனைந்துவிட்டால் அணைத்து, ஒயர் துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து மெதுவாகத் தட்டிவிட்டு, காற்றாடி முன் வையுங்கள். அரிசிப் பானைக்குள் புதைப்பது வேண்டாம். அரிசித் துகள் உள்ளே போய்ச் சேதப்படுத்தலாம் என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது.

ஆறாம் படி: இடமும் நினைவகமும்

பெட்டியில் 128 ஜிபி என்றால் முழுதும் உங்களுக்குக் கிடைக்காது, இயங்குதளமும் நீக்க முடியாத செயலிகளும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் காலை வணக்கப் படங்களும் கல்யாணக் காணொளிகளும் வந்து குவியும் நமக்கு 64 ஜிபி இப்போது போதாது. மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்காதீர்கள், விலை கூடக் கூட அந்தத் துளையே காணாமல் போகிறது.

செயலிகள் ஓடும்போது பயன்படும் நினைவகம்தான் ராம். 8+8 ஜிபி ராம் என்று எழுதியிருந்தால் உண்மையான ராம் 8 தான். மற்ற 8 சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்குவது, உண்மையான ராமின் வேகத்துக்கு இது வராது. சேமிப்பகம் இஎம்எம்சி வகையா யுஎஃப்எஸ் வகையா என்றும் கேளுங்கள். இஎம்எம்சி மெதுவானது, இரண்டாம் ஆண்டில் போன் திணறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏழாம் படி: கேமராவில் உங்கள் முகத்தைப் பாருங்கள்

200 மெகாபிக்சல் கேமரா சாதாரணமாக 16 புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. 50 மெகாபிக்சல் கேமராவும் நான்கு புள்ளிகளைச் சேர்த்து அதே 12.5க்கு வருகிறது. ஆக எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பின்பக்கத்தில் எண்ணிக்கைக்காக ஒட்டியிருக்கும் 2 மெகாபிக்சல் கேமராக்களைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். கை நடுங்கினாலும் படம் குழையாமல் காக்கும் ஓஐஎஸ் இருக்கிறதா என்று பாருங்கள், மாலை நேரக் கோயில் படங்களில் அதன் அருமை தெரியும்.

நான் எப்போதும் பார்ப்பது வேறொன்று. முன்கேமராவைத் திறந்து, அழகூட்டும் வசதியை முழுக்க அணைத்துவிட்டு, என் முகத்தைப் படம் எடுப்பேன். பல போன்களில் அணைத்த பிறகும் நம் நிறம் இரண்டு படி வெளுத்து, தோல் மாவு பூசியது போல ஆகிவிடுகிறது. கறுத்த முகம் சரியாக விழ வேண்டும் என்பதற்காகவே கூகள் 2021இல் பிக்சல் 6இல் தனியாக உழைத்தது. அதுவரை அது தானாகச் சரியாக இருந்ததில்லை என்பதற்கு அதுவே சாட்சி. என் தங்கை மகள் பட்டமளிப்பு விழாப் படத்தில் தன்னைத் தானே அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படி ஒரு படத்தை வீட்டுச் சுவரில் மாட்ட எனக்கு மனம் வராது. கடை விளக்கில் ஒன்று, வாசலுக்கு வந்து வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து ஒன்று, இரண்டு படம் போதும்.

எட்டாம் படி: திரை உடைந்தால் எவ்வளவு?

வாங்கும் முன்பே இந்தக் கேள்வியைக் கேட்பது அபசகுனம் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் திரை, அதுவும் ஓரம் வளைந்தது, மாற்றுவதற்கு விலை அதிகம். மடக்கும் போன் என்றால் இன்னும் அதிகம். சேவை மையத்தின் விலைப்பட்டியலைப் பாருங்கள். திரை மாற்றும் செலவு போன் விலையில் பாதியைத் தாண்டினால், உடைந்த அன்றே அந்தப் போன் போனதாகக் கணக்கு. சில ஓலெட் திரைகளில் ஓரிரு ஆண்டில் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு விழுகிற கோளாறும் உண்டு. வாங்கப்போகும் மாடலின் பெயரோடு பச்சைக் கோடு என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள். மங்கலான வெளிச்சத்தில் ஓலெட் திரை மினுங்குவதால் சிலருக்குத் தலைவலி வரும். ஏற்கெனவே உங்களுக்கு ஒற்றைத் தலைவலி இருந்தால், வெளிச்சத்தைக் குறைத்து ஐந்து நிமிடம் வாசித்துப் பாருங்கள்.

ஒன்பதாம் படி: இலவசம், ஒப்பந்தம்

மாதத் திட்டத்தோடு போன் இலவசம் என்று சொன்னால் ஒரு பெருக்கல் போடுங்கள். உங்களுக்கு மாதம் 40 ரிங்கிட் திட்டமே போதும், ஆனால் இலவசப் போனுக்காக 118 ரிங்கிட் திட்டத்தில் 24 மாத ஒப்பந்தம் போடுகிறீர்கள் என்றால், கூடுதலாகக் கொடுப்பது மாதம் 78, மொத்தம் 1,872 ரிங்கிட். அந்தப் போன் கடையில் 1,299 ஆக இருந்தால் இலவசத்துக்கு 573 ரிங்கிட் கூடக் கொடுத்திருக்கிறீர்கள். நடுவில் நிறுத்தினால் அபராதம் தனி. உங்களுக்கு நிஜமாகவே பெரிய திட்டம் தேவைப்பட்டால் இதே கணக்கு லாபமாகவும் வரலாம், போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பத்தாம் படி: கடையில் இருபது நிமிடம்

பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை இவை. அவசரப்படுத்தினால் நகராதீர்கள்.

*#06# அழுத்துங்கள். திரையில் வரும் ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) பெட்டியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். ரசீதிலும் அதையே எழுதச் சொல்லுங்கள். பிறகு உங்கள் சொந்தச் சிம்மைப் போட்டு வீட்டுக்கு அழையுங்கள். பேசிக்கொண்டே திரையின் மேல்மூலையைக் கவனியுங்கள். 4ஜி அல்லது வோல்ட்டி என்ற குறி அப்படியே நிற்க வேண்டும். 2ஜி என்றோ ஆங்கில எழுத்து 'இ' என்றோ மாறினால் இரண்டாம் படியில் சொன்ன குறை இந்தப் போனில் இருக்கிறது, அமைப்புகளில் வோல்ட்டியை இயக்கியும் மாறவில்லை என்றால் வேண்டாம். பெரியம்மாவுக்குப் புதுப் போன் எடுத்த அன்று இந்தச் சோதனையை அவரையே செய்யச் சொன்னேன். கடை ஓரத்தில் நின்று எனக்கே போன் போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "நாலு அப்படியே நிக்குதுப்பா" என்றார்.

வெள்ளைப் படம் ஒன்றைத் திரை முழுக்க வைத்து மஞ்சள் திட்டு, கறுப்புப் புள்ளி உண்டா என்று பாருங்கள். ஒரு நிமிடக் காணொளி எடுத்து ஒலியோடு கேளுங்கள். சார்ஜரைச் செருகிப் பாருங்கள்.

பழைய போன் வாங்கினால் இன்னும் கண்டிப்பு வேண்டும். விற்பவர் தன் ஐகிளவுட் அல்லது கூகள் கணக்கிலிருந்து உங்கள் கண்முன்னே வெளியேறி, முழுதும் அழித்து, நீங்கள் உங்கள் கணக்கில் நுழைந்த பிறகே பணம். கடவுச்சொல்லை அப்புறம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்பதற்குச் சம்மதிக்காதீர்கள், பூட்டிய போன் வெறும் கண்ணாடித் துண்டுதான். ஐபோனில் பேட்டரி நிலையைப் பாருங்கள். புதிய ஐஓஎஸ்களில் அதே அமைப்புகளுக்குள் எந்தெந்தப் பாகம் மாற்றப்பட்டது, அது அசல்தானா என்பதும் தெரியும். மாடல் எண்ணின் முதல் எழுத்து எம் என்றால் புதிதாக விற்றது, எஃப் என்றால் புதுப்பித்து விற்றது, என் என்றால் மாற்றாகக் கொடுக்கப்பட்டது. சாம்சுங் என்றால் *#0*# அழுத்தினால் பல மாடல்களில் திரை, தொடுதல், உணரிகளைச் சோதிக்கும் பக்கம் திறக்கும்.

பதினோராம் படி: வாங்கிய பிறகு

ரசீதை வாங்கிய உடனேயே படம் எடுத்துச் சேமியுங்கள். கடைகள் தரும் வழுவழுப்பான தாள் சூட்டில் எழுத்தை இழந்துவிடும். உத்தரவாதம் கேட்டுப் போகும் நாளில் வெள்ளைத் தாளோடு நிற்க நேரும்.

முதல் வாரத்தில் எல்லா வசதியையும் பயன்படுத்திவிடுங்கள். குறை இருந்தால் கடைக்காரரிடம் எழுத்தில், குறைந்தது வாட்ஸ்அப்பிலாவது, தெரிவியுங்கள். தீராவிட்டால் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம் தரும் உறுதி. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று ரசீதில் அச்சிட்டிருந்தாலும் அந்த உரிமை போய்விடாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், 50,000 ரிங்கிட்வரையான கோரிக்கையை மூன்று ஆண்டுக்குள் வழக்கறிஞர் இல்லாமலேயே பதியலாம். ஆனால் எதிர்த்தரப்பு வியாபாரியாக இருக்க வேண்டும். இணையத்தில் முகம் தெரியாத தனிநபரிடம் எண்ணெய் நிலையத்தில் நின்று வாங்கிய போனுக்கு இந்த வாசல் திறக்காது.

கடைசியாக, பழைய போன். புதுப் போன் கைக்கு வந்த சந்தோஷத்தில் அன்றே பழையதை அழித்துப் பேரனிடம் விளையாடக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் வங்கிச் செயலியைப் புதிதில் பதியுங்கள். பாதுகாப்புக்காக வங்கி சில மணி நேரம் பணம் அனுப்பவிடாமல் நிறுத்தி வைக்கும், எனவே வாடகை கட்டும் நாளிலோ விருந்துக்கு முதல் நாளிலோ இதைச் செய்யாதீர்கள். பிறகு வாட்ஸ்அப்பை மாற்றுங்கள், மின்பணப்பையில் ஒரு சின்னத் தொகை அனுப்பிப் பாருங்கள். ஒரு வாரம் பழையதை அலமாரியில் வைத்திருந்து, எதுவும் விடுபடவில்லை என்று தெரிந்த பிறகு கணக்குகளிலிருந்து வெளியேறி முழுதும் அழியுங்கள். முதுகு உப்பியிருந்தால் பேரனுக்கும் வேண்டாம், குப்பைத்தொட்டியிலும் வேண்டாம். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது, அழுத்தாமல் குத்தாமல் எடுத்துப்போய் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.